ஆறு தானே ஆறிவிடுமா?

‘இயற்கை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.’ இந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனாலும் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றுக் கதையில் இதைச் சந்திக்கும்போது எனக்கு நெருடுகிறது. ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1947 முதல் 1977 வரை ஜெனரல் எலக்ட்ரிக்கின் இரண்டு மின்தேக்கி ஆலைகளிலிருந்து பிசிபி என்ற ரசாயனம் அந்த ஆற்றில் கலந்தது. எளிதில் எரியாது, சிதையாது. அதற்காகத்தான் அதை வாங்கினார்கள். ஆற்றிலும் அது சிதையவில்லை. சேற்றில் படிந்தது, மீனின் கொழுப்பில் ஏறியது.

1980களில் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளே ஒன்றைக் கண்டார்கள். ஆக்சிஜன் எட்டாத அடிச்சேற்றில் சில பாக்டீரியாக்கள் பிசிபி மூலக்கூறிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தன. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சுவிடுகிற மாதிரி, அவை இந்த விஷத்தை வைத்து. குளோரின் குறைந்த மிச்சத்தை, காற்றுள்ள இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்களால் உடைக்க முடியும். படித்தபோது சிலிர்த்தது, நிஜமாகவே.

ஆற்றைத் தூர்வாரத் தேவையில்லை என்று நிறுவனம் வாதாடியபோது இதுவும் ஒரு வாதமானது. ‘கம்பெனிக்காரன் சொன்னா பொய்யாத்தான் இருக்கும்’ என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் பாக்டீரியாவுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? கண்டுபிடிப்பு உண்மை. ஆனால் அந்த வேலை மெதுவானது, பல இடங்களில் பாதியிலேயே நின்றுவிடுவது. அதுவரை காத்திருப்பது யார்? கரையில் தூண்டில் போட்டு, பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பவர்கள். பொறுமையின் செலவு அவர்கள் உடம்பில் ஏறுகிறது.

காயம்பட்டவர் ‘காலம் ஆற்றிவிடும்’ என்றால் அது பக்குவம். அடித்தவரே வந்து அதைச் சொன்னால்?

2002இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தூர்வாரச் சொன்னது. நிறுவனத்தின் செலவில் 2009 முதல் 2015 வரை வாரினார்கள். தோண்டினால் சேறு கலங்கும் என்ற எதிர்ப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இதில் ஒரு வேடிக்கை: வாரியது போக மிச்சத்தை இயற்கையிடம்தான் விட்டிருக்கிறார்கள். அதே ஆறு, அதே வாக்கியம். இந்த முறை எனக்கு அவ்வளவு நெருடவில்லை. முதலில் கொஞ்சமாவது சேற்றில் இறங்கிவிட்டுச் சொல்கிறார்கள்.

மேல் ஹட்சனில் இப்போதும் மீன் பிடிக்கலாம். பிடித்ததைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.