ஆலைக்குள் ஒரு தேடல்

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1714-ஆம் ஆண்டில் ஒரு கற்பனையை முன்வைத்தார். எண்ணவும் உணரவும் வல்ல ஓர் இயந்திரம் இருப்பதாகக் கொள்வோம். அதைப் பெரிதாக்கி, மாவு அரைக்கும் ஆலைக்குள் நுழைவதுபோல் அதனுள் நுழைந்தால் எதைக் காண்போம்? ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகளைத்தான் காண்போம். உணர்வை எங்கும் காணமாட்டோம் என்றார் அவர்.

அந்த ஆலையின் கதவு இன்று அனைவருக்கும் திறந்திருக்கிறது. 'ஓப்பன் சோர்ஸ் பிரெயின்' போன்ற இணையத் தளங்களில் நரம்பணுக்களின் கணித மாதிரிகள் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. வீட்டிலிருந்தபடியே ஒரு நரம்பணுவின் கிளைகளைத் திரையில் திருப்பிப் பார்க்கலாம். அதில் மின்னோட்டம் செலுத்தி, அது துடிப்பதைக் காணலாம். மறைத்து வைக்கப்பட்ட மாதிரியின் முடிவைப் பிறர் சோதித்தறிய இயலாது என்பதால் எழுந்த ஏற்பாடு இது. 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் நரம்பிழையில் மின்துடிப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்குச் சமன்பாடுகள் வகுத்தபோது, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் இயந்திரத்தைக் கொண்டு நாட்கணக்கில் கணக்கிட வேண்டியிருந்தது. இன்று ஒரு மாணவன் அதே கணக்கை நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறான்.

2024-இல் பழ ஈ ஒன்றின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் வெளியாயிற்று. ஏறத்தாழ 1,39,000 நரம்பணுக்கள். அதை அடிப்படையாகக் கொண்டு அமைத்த கணினி மாதிரியில், இனிப்பை அறியும் நரம்பணுக்களைத் தூண்டினார்கள். உணவுக்காக வாயுறுப்பை நீட்டச் செய்யும் நரம்பணு அங்கே செயற்பட்டது. உயிருள்ள ஈயிலும் அதுவே நிகழ்கிறது.

அந்த மாதிரியில் இனிப்பு இருந்ததா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி இதைக் கடந்துவிடத் தோன்றும். ஆனால் பழமொழி பாதி விடையையே தருகிறது. உயிருள்ள ஈயின் மூளைக்குள் நுழைந்தாலும் உப்பணுக்கள் சவ்வைக் கடந்து உள்ளும் புறமும் செல்வதைத்தானே காண்போம்? அங்கும் இனிப்பு கண்ணில் படுவதில்லை. லைப்னிட்ஸின் ஆலை கணினிக்கு மட்டும் உரியதன்று.

இவ்விடத்தில் இருவர் அவசரப்படுகின்றனர். மூளையை மாதிரியாக்கிவிட்டோம், இனி ஆன்மாவுக்கு வேலையில்லை என்கிறார் ஒருவர். 302 நரம்பணுக்களே கொண்ட சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளிவந்தும், அப்புழுவின் வாழ்வு முழுவதையும் மாதிரியில் கொண்டுவர இன்னும் இயலவில்லை என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர் நம்மவர். விஞ்ஞானத்திற்கு எட்டாதது எதுவோ அதுவே ஆத்மா என்று அவர் மகிழ்கிறார். இவரே எனக்கு அதிகக் கவலை தருகிறார். நாளை விஞ்ஞானம் இன்னும் ஓரடி முன்னேறினால் அவருடைய ஆத்மா ஓரடி பின்வாங்க நேரிடுமே!

ஆங்கிலத்தின் 'மைண்ட்' என்ற சொல்லைத் தமிழில் 'மனம்' என்று எழுதும்போதெல்லாம் என் பேனா சற்று நிற்கும். மேலைநாட்டுச் சிந்தனையில் டேகார்ட் மனத்தை ஒருபுறமும் சடப்பொருளை மறுபுறமும் வைத்துக் கோடு கிழித்தார். வேதாந்தம் கோட்டை வேறிடத்தில் கிழிக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணம் முழுவதும் அதன்படி சூட்சுமமான ஜடமே, அறியப்படும் பொருளே. ஆகவே நினைவு, முடிவெடுத்தல், தேர்ந்தறிதல் ஆகியவற்றை ஒரு கணினி பின்பற்றிக் காட்டினால் வேதாந்தி பதற வேண்டியதில்லை.

ஆனால் அதே கொள்கை நமக்கு ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. சைதன்யம் எங்கும் நிறைந்தது. அந்தக்கரணம் தெளிந்த கண்ணாடிபோல் அதைப் பிரதிபலிக்கிறது. அப்பிரதிபலிப்பே சீவனின் அறிவு என்கிறோம். கண்ணாடியும் ஜடம்தான் என்றால், போதிய நுட்பத்துடன் அமைந்த வேறொரு ஜடத்தில் அது ஏன் பிரதிபலிக்கக் கூடாது? கல்லில் பிரதிபலிப்பதில்லை, மனத்தில் பிரதிபலிக்கிறது என்னும்போது, எத்தகைய அமைப்பில் பிரதிபலிக்கும் என்பதை அளந்து சொல்லும் பொறுப்பும் நம்மைச் சேர்ந்ததே. கர்மத்தின் பயனாகவே சீவன் உடலை ஏற்கிறான், மாதிரிக்குக் கர்மம் ஏது என்று பதில் கூறலாம். கர்மத்தை ஏற்றவர்களுக்கு அது போதும். ஏற்காதவரிடம் அது விவாதத்தைத் தொடங்கவும் உதவாது.

இன்றைய மாதிரிகளைப் பொறுத்தவரை அச்சத்திற்கு இடமில்லை. ஈயின் மாதிரியில் ஒவ்வொரு நரம்பணுவும் மிக எளிய கணக்காகச் சுருக்கப்பட்டுள்ளது. அதில் வேதனை இருப்பதாகக் கருதக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மாதிரிகள் வளர்பவை. வலியைக் கடத்தும் சுற்றுகளையும் ஆராய்ச்சியாளர்கள் மாதிரியாக்குகின்றனர். மருந்து கண்டறிய அவை வேண்டியவை, அதைத் தவறென்று சொல்ல இயலாது. சக மனிதனின் வலியைக்கூட நாம் நேரில் அறிவதில்லை. அவன் முகத்தைக் கண்டு ஊகிக்கிறோம். விலங்கின் வலியை அதன் துடிப்பிலிருந்து ஊகிக்கிறோம். முகமும் குரலும் இல்லாத ஒன்றில் எதைக் கொண்டு ஊகிப்பது? அதை இயக்கவும் நிறுத்தவும் ஒரு பொத்தான் போதும். அஹிம்சையை விரதமாகக் கொண்ட ஒருவன் அந்தப் பொத்தானில் விரல் வைக்கும்முன் எந்த அடையாளத்தைத் தேட வேண்டும் என்பதை, ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களும் சாஸ்திரம் பயில்பவர்களும் சேர்ந்து அமர்ந்து இப்போதே பேசத் தொடங்கலாம்.