நோயுற்ற பூனைக்கு வைத்தியம்: மார்க்கம் காட்டும் வழி

எல்லாப் புகழும் அனைத்து உயிர்களையும் படைத்து உணவளித்துப் பாதுகாக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சென்ற மாதம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சவூதியிலிருந்து லீவில் வந்திருக்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். பையன் வளர்க்கிற பூனைக்கு வயிறு வீங்கிக் கிடக்கு. ஏதோ வைரஸ் நோய்ங்கிறார் டாக்டர். மூணு மாசம் மருந்து கொடுக்கணுமாம். நான் அங்கே ஒரு மாசம் உழைக்கிற காசு அதுக்கே போயிடும். மனுஷனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லாதப்போ, பூனைக்கு இவ்வளவு செலவு செய்றது இஸ்ராஃப் இல்லையா? பேசாம ஒரு சாக்குல போட்டு மீன் இறங்குற இடத்துல விட்டுட்டா என்ன?" என்றார்.

அவர் பின்னால் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். பத்து வயது இருக்கும். அவன் ஒன்றும் பேசவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். ஆனால் இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. நம்முடைய கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் கரையோரம் முழுக்க வீட்டுக்கு வீடு பூனை இருக்கிறது. எனவே இன்று இதை விரிவாகப் பார்ப்போம்.

விட்டுவிடுவது தீர்வா?

ஒரு பூனையின் காரணமாக நரகம் சென்ற பெண்ணைப் பற்றிய நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்தப் பெண்ணின் குற்றம் என்ன? பூனையை அடைத்து வைத்தாள். உணவு கொடுக்கவில்லை. தானாக இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. அப்படியானால் அவளுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன: ஒன்று, தானே உணவளிப்பது. இரண்டு, அது பிழைத்துக்கொள்ளும்படி விடுவது.

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆரோக்கியமான பூனையை விட்டால் அது எலியைப் பிடிக்கும், மீன் தலையைத் தின்னும், பிழைத்துக்கொள்ளும். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் பூனை என்ன செய்யும்? அதைச் சாக்கில் கட்டி மீன் இறங்கும் இடத்தில் விடுவது சுதந்திரம் கொடுப்பது ஆகாது. அடைத்துப் போடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நம் கண்ணில் படாத இடத்தில் சாகட்டும் என்பதுதான் அதன் பொருள். நம் கண்ணுக்கு மறைந்தது அல்லாஹ்வுக்கு மறையுமா?

ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தான ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள், தங்களின் 'கவாஇதுல் அஹ்காம்' என்ற நூலில் மனிதன் மீது பிராணிகளுக்கு உள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார்கள். அதில் முதலில் வருவது பராமரிப்புச் செலவு. அந்தப் பிராணி முடமாகிவிட்டாலும், நோயுற்று இனி எந்தப் பயனும் இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாலும் அதற்காகச் செலவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் இமாம்கள் இதை எழுதி வைத்துவிட்டார்கள்.

வைத்தியம் செய்வது தவக்குலுக்கு எதிரானதா?

"அல்லாஹ் நாடினால் பிழைக்கும், இல்லாவிட்டால் போகும்" என்று சிலர் சொல்வார்கள். நாட்டுப்புற அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே பதில் வந்தது. முதுமையைத் தவிர மருந்து இல்லாத எந்த நோயையும் அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம்.

அம்வாஸ் கொள்ளைநோய் ஷாம் நாட்டில் பரவியிருந்த நேரத்தில் உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நோயும் அவன் விதி. மருந்தும் அவன் விதி. மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் உன் கால்களும் அவன் விதி.

நேற்று வரை மருந்தில்லாத நோய்

சகோதரர்களே, அந்தச் சிறுவனின் பூனைக்கு வந்திருப்பது எஃப்.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். பூனைகளின் குடலில் வாழும் ஒருவகை கொரோனா வைரஸ் சில பூனைகளின் உடலுக்குள் உருமாறி இந்த நோயை உண்டாக்குகிறது. இளம் பூனைகளைத்தான் அதிகம் தாக்கும். காய்ச்சல் விடாது. எடை குறையும். பலவற்றுக்கு வயிற்றில் மஞ்சள் நிற நீர் கோத்துக்கொள்ளும். மனிதர்களுக்கு இது தொற்றாது. எனவே வீட்டில் உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நோய் வந்தால் மரணம் நிச்சயம் என்றே மருத்துவர்கள் சொல்லி வந்தார்கள். 2019-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சன் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் கண்ட 31 பூனைகளுக்கு ஜிஎஸ்-441524 என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அவற்றில் 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. சிலவற்றுக்கு நோய் திரும்பியது, மீண்டும் மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. கொரோனா காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்து உடலுக்குள் சென்றதும் மாறுவதும் இதே மருந்தாகத்தான். மருந்து எப்போதும் இருந்தது. மனிதன் அதைக் கண்டுகொண்டது இப்போதுதான்.

இன்னொரு செய்தி. மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்ற தீவு இருக்கிறது. அங்கே 2023-ல் இந்த நோய் பூனைகளிடையே பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு அரசு, மனிதர்களின் கொரோனா சிகிச்சைக்காக வைத்திருந்த மோல்னுபிராவிர் மாத்திரைகளைப் பூனைகளுக்குப் பயன்படுத்த அனுமதித்தது.

சைப்ரஸ் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தாயார் உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் அங்கே லார்னகா நகருக்கு அருகில் இருக்கிறது. தம் உம்மத்தினர் கடலில் பயணம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் கனவில் கண்டு சிரித்தபடி விழித்தபோது, அவர்களில் நானும் ஒருத்தியாக இருக்க துஆ செய்யுங்கள் என்று கேட்ட பெண்மணி அவர்கள்தான். முஆவியா (ரலி) அவர்கள் காலத்துக் கடற்பயணத்தில் சென்று, கரையில் வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே வஃபாத்தானார்கள். உப்பு ஏரிக்கரையில் உள்ள அந்தப் பள்ளிவாசலின் முற்றத்தில் இன்றும் பூனைகள் உலவுகின்றன. கடலை நம்பி வாழும் நாம், கடல் கடந்து சென்ற அந்த ஸஹாபிப் பெண்மணி அடங்கியிருக்கும் மண்ணிலிருந்து இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்வோம்.

இஸ்ராஃப் ஆகுமா?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். வீணாகச் செலவழிப்பதுதான் இஸ்ராஃப். ஓர் உயிரின் வேதனையைத் தீர்க்கச் செலவழிப்பது வீண் அல்ல. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு வந்தவருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான். உயிருள்ள ஒவ்வொரு ஜீவனுக்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அப்போது ஸஹாபாக்களுக்கு விளக்கினார்கள்.

ஆனால் அளவும் உண்டு. அல்லாஹ் யாரையும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை. வசதி இருப்பவர் அந்த மருந்துக்குச் செலவழித்தால் கூலி பெறுவார். வசதி இல்லாதவர் அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது. மனைவி மக்களின் உணவை, பெற்றோரின் மருந்தை நிறுத்தக் கூடாது. விலை உயர்ந்த மருந்தை வாங்க முடியவில்லை என்றால் பாவமாகாது. ஆனால் தண்ணீர், உணவு, ஒதுக்கமான இடம், சுத்தம், வலி குறைய மருத்துவர் சொல்லும் மருந்து, இவை நம் பொறுப்பிலிருந்து நீங்காது. யாராவது உதவ விரும்பினால் ஸதகாவாக உதவலாம். ஜகாத் பணத்தைத் தொடாதீர்கள். அதற்கு உரியவர்கள் எட்டு வகை மனிதர்கள்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று, கேள்விப்பட்டதை வைத்து நாமே வைத்தியம் செய்யக் கூடாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடுகிறோம். மனிதனுக்கு மருந்தான அது பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரைப் போக்கிவிடலாம். எஃப்.ஐ.பி. மருந்தையும் முன்பின் தெரியாதவர்களிடம் ஆன்லைனில் வாங்கி நாமே அளவு போடக் கூடாது. பூனையின் எடைக்கு ஏற்ப அளவு மாறும்.

இரண்டு, முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். "மாட்டாஸ்பத்திரியில் பூனையைப் பார்ப்பார்களா?" என்று தயங்காதீர்கள். அங்கே பரிசோதனைக்கு வசதி இல்லையென்றால் எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள். நமக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகப் போய்விடலாம்.

மூன்று, நோயுள்ள ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்கக் கூடாது என்பது நபிவழி. பூனைக்கும் அதுதான். அதிலும் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் பார்வோ வகை வைரஸ் நோய் ஒன்று இருக்கிறது. அது மிக வேகமாகப் பரவும். அந்தக் கிருமி ஓர் இடத்தில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். அப்படிப்பட்ட பூனையைக் கொண்டுபோய் வேறு தெருவில் விட்டால், அந்தத் தெருவின் குட்டிகள் அத்தனைக்கும் நாம் நோயைக் கொடுத்தவர்களாகிறோம். எந்த நோய் என்று தெரியும் வரை தனியே வையுங்கள்.

நான்கு, அந்தப் பார்வோ நோய்க்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். ரேபிஸ் ஊசியும் கட்டாயம். அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

ஆதாரமில்லாததைச் சொல்ல வேண்டாம்

பூனை மீதான அன்பைச் சொல்வதற்காக, நபி (ஸல்) அவர்கள் முஅஸ்ஸா என்ற பூனை வளர்த்ததாகவும், அதன் தூக்கம் கலையாமல் இருக்கச் சட்டையின் கையை வெட்டியதாகவும் வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். ஆதாரப்பூர்வமான ஹதீஸ் நூல்களில் அப்படி எதுவும் இல்லை. நமக்கு அது தேவையும் இல்லை. உளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காக அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்களே, அது போதாதா? மருமகள் கப்ஷா ஆச்சரியமாகப் பார்த்தபோது, பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிகளாரின் சொல்லை எடுத்துச் சொன்னார்கள். சுற்றி வருவது என்றால் வீட்டில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். வீட்டில் ஒன்று படுத்துவிட்டால் நாம் என்ன செய்வோம்?

அன்பானவர்களே! அந்தச் சகோதரரிடம் அன்றிரவு நான் கேட்டது ஒன்றுதான். "தம்பி, நாளைக்கு நீங்க விமானம் ஏறிடுவீங்க. நோய் வந்ததைச் சாக்கில் கட்டிப் போட்டுடலாம்னு உங்க பையன் இன்னைக்குப் படிச்சுக்கிட்டா, உங்களுக்கு வயசாகிப் படுக்கும்போது அவன் எந்தப் பாடத்தை நினைப்பான்?" அவர் பதில் சொல்லவில்லை. பையனின் தோளில் கை வைத்து அழைத்துப் போனார்.

மருந்து தொடங்கி இன்று பத்தொன்பதாவது நாள். காய்ச்சல் விட்டிருக்கிறது. தினமும் காலையில் பூனையின் எடையைக் காலண்டர் தாளில் எழுதி, வெளிநாடு போய்விட்ட அத்தாவுக்குப் போட்டோ அனுப்புகிறானாம் அந்தப் பிள்ளை. பிழைக்குமா என்பது அல்லாஹ்வின் கையில். இன்னும் பல வாரங்கள் பாக்கி இருக்கின்றன. இடையில் மவுத்தாகிவிட்டாலும், அந்தச் செலவும் உழைப்பும் வீணாகப் போகாது. கூலி முடிவுக்கு அல்ல, முயற்சிக்கும் நிய்யத்துக்கும்.

யா அல்லாஹ்! நீ எங்கள் பொறுப்பில் விட்ட மனிதர்கள் மீதும் வாயில்லா ஜீவன்கள் மீதும் எங்களுக்கு இரக்கத்தைத் தருவாயாக! நோயுற்றவர்கள் அனைவருக்கும் ஷிஃபாவை வழங்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களிலுள்ள இரக்கத்தை நாங்களே அணைத்துவிடாமல் எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.