ஈமச்சடங்குக்குப் பின் பிறந்த குடி

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள் என்னும் தமிழ் பேசும் பழங்குடியினரின் தோற்றம் குறித்து எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் பதிவான கதையின்படி, வேடர் கவர்ந்துசென்ற பெண்களை மீட்கப் புறப்பட்ட காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் எழுவர், தங்களுடன் வரும் நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் மாண்டதாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தால் நாய்கள் திரும்பிவிட, ஈமச்சடங்கு முடிந்தபின் உயிரோடு வந்தவர்களைச் சாதியார் விலக்கியதால், அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து மலையேறினர். இடம்பெயர்ந்து குடியேறிய வேறொரு கூட்டத்தாரின் கதை வேறு: பலதார மணத்துக்கு எதிரான அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி 1887இல் கனடாவின் அல்பர்ட்டா மலையடிவாரத்தில் கார்ட்ஸ்டன் ஊரை நிறுவிய மார்மன் கிறித்தவர்கள், தம் புலப்பெயர்வை இறைவனின் வழிநடத்தலாகக் கண்டு, 1923இல் அங்கே திருக்கோயிலை அர்ப்பணித்தனர். ஜவ்வாதுக் கதையில் அத்தகைய இறை வழிநடத்தல் ஏதுமில்லை. கண்முன் நிற்கும் உயிரைவிட நடந்து முடிந்த சடங்கே மெய்யானது என்று தீர்த்த சமூகத்தின் கொடிய பிழையே அங்கு ஒரு குடியின் தொடக்கமாகிறது.