ஔவையார் வளைவு

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் சூட்டிப் பலகை நாட்டியவர் யாராயினும், அவர் தம்மையும் அறியாமல் ஒரு தர்மவிசாரத்தை அந்தச் சரிவில் எழுதிவைத்துவிட்டார். கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஒரு திருப்பத்தில் நிற்கிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் முழுவதையும் தமக்கே கொடுத்துவிட்டு, நிறையக் கிடைத்தால் தம்மைப் பாடச் சொல்லிக் கேட்டபடி கூட இருந்து அருந்தினானே என்று, இறந்துபட்ட அதியமானை எண்ணிப் புறநானூற்றில் புலம்பும் ஔவையார் வேறொரு திருப்பத்தில் நிற்கிறார். அந்தத் தகடூர் அதியமானுக்கும் அங்கே ஒரு திருப்பம் உண்டு. பேருந்து முனகிக்கொண்டு இவர்களைக் கடந்து ஏறும்போதெல்லாம், இரு தரப்பையும் ஒரே பாதையில் நிறுத்தி மரியாதை செய்யும் சர்க்காரின் சட்டப்படி, ஔவையாருக்கு அன்று கலயம் நீட்டிய அதியமான் இன்று நீட்டினால் குற்றவாளி அல்லவா என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

குற்றம் எங்கே தொடங்குகிறது? மலைமேல் பலாப்பழக் காலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் சுளைகள் போட்ட பானை ஒன்று மறந்துபோய்க் கிடந்தது. மூன்றாம் நாள் மூடியைத் தூக்கினால் விளிம்பெல்லாம் நுரை பூத்திருக்க, காதைக் கிட்டே கொண்டுபோனபோது சின்னச் சின்னக் குமிழிகள் உடையும் ஓசை கேட்டது. வீட்டுப் பாட்டி முகம் சுளித்து அதை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கவிழ்க்காமல் இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தாலோ? அடிவாரத்துப் பனைகளில் இந்தச் சந்தேகம் இன்னும் கூர்மையாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே பாளை, அதே இரவு, அதே சாறு கள்ளாகிவிடுகிறது. ஒரு விரல் சுண்ணாம்புதான் சாதுவுக்கும் குற்றவாளிக்கும் இடையே நிற்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதிலே வேறொரு வேடிக்கையும் தெரியும்: வெள்வேலம் பட்டை தோல் பதனிடவும் உதவும், சாராய ஊறலிலும் விழும், மரம் எதற்கென்று கேட்பதில்லை.

ஆகவே பொருளில் பாவம் இல்லை, சங்கல்பத்திலேதான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது பாதி விடைதான். பௌத்தம் இவ்விடத்தில் நம் நீதிநூல்களைவிட நுட்பமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது என்பேன். மது அருந்தாமை இல்லறத்தானுக்குரிய ஐந்து சீலங்களுள் ஒன்று, ஏனெனில் அது மறதிக்கும் அசட்டைக்கும் இருப்பிடம். அதற்கு வேறாக, ஆயுதம், உயிர், இறைச்சி, மது, விஷம் ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்ற விலக்கு தனியே நிற்கிறது. குடித்தவன் தன் சீலத்தை இழக்கிறான். விற்றவன் பிறர் சீலத்தின்மேல் வீடு கட்டுகிறான். தன் வீட்டுக்கென்று ஒரு பானை ஊற வைத்தவன் முதல் கணக்கில் வருவான், இரண்டாவதில் வரமாட்டான்.

விலக்குகிறவனுக்கு என்ன யோக்கியதை வேண்டும் என்பதையும் நம் தேசமே ஒரு காலத்தில் காட்டியது. ஈ.வெ.ரா. தம் தோப்பில் கள்ளுக்குப் பயன்பட்ட 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். (பின்னாளில் அவரே மதுவிலக்கை எதிர்த்தார் என்பது வேறு கதை, ஆனால் வெட்டியது தம் மரத்தை). ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1939இல் அதை வட ஆர்க்காட்டுக்கும் விரித்தபோது, கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க விற்பனை வரி என்ற புதிய பழியையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். இழந்துவிட்டு விலக்கினார்கள். பிற்பாடு சட்டம் மாறி மாறி வந்தது: 1971இல் தளர்ந்தது, சில ஆண்டுகளில் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் சர்க்காரின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 1987இன் தொடக்கத்தோடு கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. 2003 முதல் சில்லறை விற்பனையும் அந்த நிறுவனத்தின் கைக்கே போயிற்று. பனையேறி இறங்கிவிட்டான்; புட்டி நின்றுவிட்டது.

வீட்டுப் பானையை விட்டுவைத்த சட்டமும் உண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978இல் கையொப்பமிட்ட சட்டம், குடும்ப உபயோகத்துக்கு வீட்டில் பீர் ஊற வைப்பதை அனுமதித்தது: வயது வந்தோர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன். விற்கக் கூடாது, வாலை வடிக்கக் கூடாது. கடைசி மாகாணங்களான அலபாமாவும் மிசிசிப்பியும் இணங்க 2013 ஆயிற்று. விற்பனையில் கோடு கிழித்த அந்தச் சட்டம், அறியாமலே புத்தர் கிழித்த கோட்டின்மேல் விழுந்திருப்பது எனக்கு ஆச்சரியம்.

கள்ளக்குறிச்சியைக் காட்டி யாரும் என்னை மறுக்கலாம். 2024 ஜூனில் அங்கே விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் ஆயுள் தண்டனை வரையில் சட்டம் இறுக்கப்பட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்களைக் கொன்றது பானையில் தானே பொங்கிய நுரை அன்று. மெத்தனால் என்னும் ஆலைச்சரக்கு, காசுக்காகக் கலந்து விற்கப்பட்டது. அதுவும் வியாபாரமே.

நான் குடிப்பவன் அல்லன். வள்ளுவர் சொல்லுக்குத் தலை வணங்குகிறவன். மார்க்கம் விலக்கியது என்பதற்காகவே தொடாத ஆம்பூர் முஸ்லிம் பெரியவர்களிடத்திலும் எனக்கு அதே மரியாதை. வள்ளுவர் கடை வைத்திருக்கவில்லை. அந்தப் பெரியவர்களும் வைத்திருக்கவில்லை. புட்டியின்மேல் குடி கெடுக்கும் என்று அச்சிட்டு அதை விலைக்கும் கொடுப்பவர் அதே வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் தலை வணங்க மறுக்கிறது.

மலையிலிருந்து இறங்கியதும் ஒரு புளியமரத்தடியில் முனீஸ்வரன் இருக்கிறார். சென்ற ஆடியில் நான் போனபோது பூசாரி படையலுக்கு இலை விரித்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் வைத்து, முத்திரை ஒட்டிய குவார்ட்டர் புட்டியின் மூடியைப் பல்லால் திருகிக்கொண்டிருந்தார். சாமிக்கு இது பிடிக்குமா என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் ஊர்ல காய்ச்சினதைத்தான் குடிச்சுது. இப்போ கடையில குடுக்கறதைக் குடிக்குது. இன்னா பண்றது சார்,” என்று சொல்லிவிட்டு, அவர் புட்டியைச் சாய்த்துப் பாதியை ஈட்டியின் அடியில் ஊற்றினார்.