படைக்கு அழைப்பு: கடமையும் மனச்சாட்சியும்

ஒரு நாடு தன் இளைஞனை அழைத்துப் போர்முனைக்குப் புறப்படுமாறு ஆணையிடுகிறது. அவன் மறுக்கலாமா? மறுப்பவன் கோழையா, அல்லது மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டவனா? தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இந்தக் கேள்வி, வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்காவின் லட்சக்கணக்கான இல்லங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழுந்தது. அந்தப் போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும், போருக்குப் போய்த் திரும்பியவர்களும் போகாமல் இருந்துவிட்டவர்களும் ஒரே ஊரில் ஒன்றாக முதுமையடைந்த அந்த நாட்டில் விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. போகாதவர்களைப் பற்றிப் போனவர்கள் என்ன கருதினார்கள் என்பதைக் கூர்ந்து நோக்கினால், கடமை என்ற சொல்லின் பொருள் பல கோணங்களில் விளங்கும்.

1969 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, வாஷிங்டனில் ஒரு கண்ணாடிக் கலத்தில் 366 நீலநிறச் சிமிழ்கள் இடப்பட்டன. ஒவ்வொரு சிமிழுக்குள்ளும் ஆண்டின் ஒரு தேதி இருந்தது. 1944 முதல் 1950 வரை பிறந்த இளைஞர்கள் எந்த வரிசையில் படைக்கு அழைக்கப்படுவார்கள் என்பதை அந்தக் குலுக்கல் முடிவு செய்தது. முதலில் வந்தது செப்டம்பர் 14. கடைசியில் வந்தது ஜூன் 8. பின்னர் 195 வரை எண் பெற்றவர்களுக்கு அழைப்பு சென்றது. 196-ஆம் எண் பெற்றவனுக்கு எந்தச் சோதனையும் நேரவில்லை. சிமிழ்கள் சரியாகக் கலக்கப்படவில்லை என்றும், அதனால் ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்தவர்களுக்கே சிறிய எண்கள் மிகுதியாக விழுந்தன என்றும் புள்ளியியல் அறிஞர்கள் பிற்பாடு சுட்டிக்காட்டினர்.

195-ஆம் எண் பெற்றவன் தன் நெஞ்சுரத்தை நிரூபித்தாக வேண்டும், அல்லது இழந்தாக வேண்டும். 196-ஆம் எண் பெற்றவனோ தான் எத்தகையவன் என்பதைத் தானே அறியாமல் வாழ்ந்து முடிப்பான். ஒருவனது அறநிலையை ஒரு சிமிழ் தீர்மானிக்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. போனவர்களை எல்லாம் வீரர் என்றும் போகாதவர்களை எல்லாம் கோழை என்றும் பிரித்துவிடுவதற்கு முன் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில எண்ணிக்கைகளையும் மனத்தில் கொள்வது நல்லது. 1964 ஆகஸ்ட் முதல் 1973 மார்ச் வரையிலான காலத்தில் சுமார் 2 கோடியே 68 லட்சம் அமெரிக்க ஆண்கள் படைக்கு அழைக்கப்படும் வயதை எட்டினர். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். தாமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 87 லட்சம். எப்படியும் அழைப்பு வரும் என்று முந்திக்கொண்டவர்களும் இவர்களுள் அடக்கம். ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர் ராணுவச் சீருடையை அணியவே இல்லை. ஆனால் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றவர்கள் 9,000 பேருக்கும் குறைவு. உண்மையில் சிறை புகுந்தவர்கள் சுமார் 3,250 பேர் மட்டுமே.

அப்படியானால் எஞ்சியவர்கள்? அவர்களில் மிகப் பெரும்பாலோர் சட்டத்தை மீறவே இல்லை. சட்டமே அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. கல்லூரியில் படிப்பவனுக்கு ஒத்திவைப்பு உண்டு. உடற்குறை இருப்பதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. செல்வாக்குள்ளவர்களுக்கு நேஷனல் கார்டு என்ற உள்நாட்டுப் படையில் இடம் கிடைத்தது. அதில் சேர்ந்தவர்கள் வியட்நாமுக்கு அனுப்பப்படுவது அரிது. அதே வேளையில், 1966-இல் பாதுகாப்புத் துறை தனது தேர்வுத் தகுதியைத் தளர்த்தி, முன்பு தேர்வில் தவறியிருந்த நிலையில் உள்ள இளைஞர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அவ்வாறு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படைக்கு வந்தனர். அவர்கள் பெரும்பாலும் ஏழைகள். பள்ளிப் படிப்பு குறைந்தவர்கள்.

போகாத தரப்பிலிருந்து இதை மிகவும் நேர்மையாக எழுதியவர் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ஃபாலோஸ். ஹார்வர்ட் மாணவராக இருந்த அவர் வேண்டுமென்றே பட்டினி கிடந்து, உடல் எடையைக் குறைத்துக்கொண்டு தேர்வுக்குச் சென்றார், விலக்கும் பெற்றார். அவருடன் வந்திருந்த பல்கலைக்கழக மாணவர்கள் பலரும் அவ்வாறே ஏதோ ஒரு காரணத்துடன் வந்திருந்தனர். அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரான செல்சியின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்தனர். இப்படியெல்லாம் தப்ப வழியுண்டு என்பதையே அறியாத அந்த இளைஞர்கள் வரிசையாகத் தேர்வு செய்யப்பட்டனர். 1975-இல் வெளியான கட்டுரையில் ஃபாலோஸ் இதை வெட்கத்துடன் பதிவு செய்தார்.

வரிசையை மீற மறுத்தவர்

போர்வீரர்களின் கோபம் எதன்மீது என்பதைப் புரிந்துகொள்ள ஜான் மெக்கெய்னின் வாழ்க்கை ஒன்றே போதும். கப்பற்படை விமானியான அவர் 1967 அக்டோபர் 26-ஆம் தேதி ஹனோயின் மீது பறந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டார். இரு கைகளும் ஒரு காலும் முறிந்த நிலையில் சிறைப்பட்டார். 1968-இல் அவருடைய தந்தை பசிபிக் பகுதி அமெரிக்கப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதியானார். வடவியட்நாமியர் மெக்கெய்னை உடனே விடுவிக்க முன்வந்தனர். தளபதியின் மகனை முதலில் விடுவித்தால் உலகின் முன் அது நல்ல பிரசாரமாகும். மற்றக் கைதிகளின் மன உறுதியும் குலையும்.

கைதிகளுக்குள் ஒரு நெறி இருந்தது: முதலில் பிடிபட்டவரே முதலில் வீடு திரும்ப வேண்டும். மெக்கெய்னுக்கு முன்பே பிடிபட்டவர்கள் பலர் அங்கிருந்தனர். எனவே அவர் விடுதலையை மறுத்தார். அதற்குப் பரிசாகச் சித்திரவதை கிடைத்தது. 1973 மார்ச் 14-ஆம் தேதிதான் அவர் விடுதலையானார். ஐந்தரை ஆண்டுகள்!

தந்தையின் செல்வாக்கால் கிடைத்த விலக்கைச் சிறைக்குள் இருந்துகொண்டே ஏற்க மறுத்த ஒருவர், தந்தையின் செல்வாக்கால் போருக்கே போகாமல் தப்பியவர்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? 2017-ஆம் ஆண்டு, தம் மறைவுக்கு முந்தைய ஆண்டில் அளித்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் அதை வெளிப்படையாகவே கூறினார். வருமானத்தில் அடித்தட்டில் இருந்தவர்கள் கட்டாயமாக அனுப்பப்பட்டனர், மேல்தட்டில் இருந்தவர்களோ குதிகாலில் எலும்புத் துருத்தல் இருப்பதாகச் சொல்லும் மருத்துவரைத் தேடிக்கொண்டனர், இது தவறு என்பதே அவர் கூற்றின் சாரம். வியட்நாமில் இருமுறை பணியாற்றிய ஜெனரல் காலின் பவலும் 1995-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் இதே சினத்தைப் பதிவு செய்துள்ளார். இருவருமே போரை வெறுத்தவர்களை ஏசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாரத்தைப் பிறர் தோளுக்கு மாற்றியதையே அவர்கள் கண்டித்தனர்.

இதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் இத்தனை பேர் என்று அரசு கணக்கு வைத்திருந்தது. ஒருவன் விலகினால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. வேறொருவன் அங்கே அனுப்பப்படுவான். அவன் பெயர் விலகியவனுக்குத் தெரியாது. தவறு செய்பவன் விதியை எதிர்ப்பதில்லை, எல்லாரும் விதியைப் பின்பற்ற வேண்டும், தனக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றே எண்ணுகிறான் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் கண்டுரைத்தது இங்கு முற்றிலும் பொருந்துகிறது.

ஆனால் இங்கே ஒரு தடை எழுகிறது. சிறைக்குச் சென்றவனுடைய இடத்தையும் இன்னொருவன்தானே நிரப்பினான்? விளைவை மட்டும் கணக்கிட்டால், பொய்ச் சான்றிதழ் பெற்றவனுக்கும் சிறை புகுந்தவனுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பதாக நம் உள்ளம் சொல்கிறது என்றால், அது விளைவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

முகம்மது அலியை எடுத்துக்கொள்ளலாம். 1967 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹூஸ்டனில் அவர் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் முன்வர மறுத்தார். உலகச் சாம்பியன் பட்டமும் குத்துச்சண்டை உரிமமும் பறிக்கப்பட்டன. ஐந்து ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டின் காரணமாக அவர் வெளியில் இருந்தாலும், உடல் வலிமை உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் வீணாயின. 1971 ஜூன் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தது. அவர் நினைத்திருந்தால் கண்காட்சிப் போட்டிகள் நடத்தி வீரர்களை மகிழ்விக்கும் பாதுகாப்பான பணியைப் பெற்றிருக்க முடியும். மறைவாகத் தப்ப வழியிருந்தும் வெளிப்படையாக மறுத்தார். விலையையும் தாமே கொடுத்தார். தம்மைப் போன்ற அனைவருக்காகவும் அந்தக் கேள்வியை நாட்டின் முன் வைத்தார். 1922-இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் சட்டத்தின்படி மிகக் கடுமையான தண்டனையையே தமக்கு அளிக்குமாறு கேட்ட மகாத்மா காந்தியை அறிந்தவர்களுக்கு இந்த நெறி புதிதல்ல.

மறுப்புக்கும் சேவைக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் டெஸ்மண்ட் டாஸ் என்ற இளைஞர் படையில் சேர்ந்தார், ஆனால் ஆயுதத்தைத் தொட மறுத்தார். சக வீரர்கள் அவரை ஏளனம் செய்தனர். 1945-இல் ஒகினாவாத் தீவில் செங்குத்தான மலைமுகட்டில் கடும் போர் நடந்தபோது, மருத்துவப் பணியாளரான அவர் குண்டு மழைக்கிடையே சுமார் 75 பேரை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக் காப்பாற்றினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஏளனம் செய்தவர்களே பின்னர் அவரைப் போற்றினர்.

அர்ஜுனன் ஒளிந்துகொள்ளவில்லை

கடமை என்றதும் கீதையைச் சுட்டி, 'போரிடு என்பதே பகவானின் ஆணை, அத்துடன் விவாதம் முடிந்தது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோர் உண்டு. அவ்வளவு எளிதன்று. அர்ஜுனன் வில்லைக் கீழே வைத்தது கூடாரத்துக்குள் அல்ல. இரு சேனைகளுக்கும் நடுவே, அனைவரும் காண. தன் ஐயத்தை மறைக்காமல் சொல்லி, விடையும் கேட்டான். அவன் இளமை முதல் வில்வித்தையையே வாழ்வாகக் கொண்டவன். அந்தப் போரை ஏற்றுக் களத்துக்கு வந்தவன். செல்சியின் தொழிலாளி மகனான பத்தொன்பது வயது இளைஞனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மேலும், பதினெட்டு அத்தியாயங்கள் உபதேசித்த பின்னரும் கண்ணபிரான் முடிவை அர்ஜுனனின் சிந்தனைக்கே விட்டார். பலவந்தமாகச் சுமத்தப்படும் பணி ஸ்வதர்மம் ஆகுமா என்பது கீதையைப் படிப்பவர்கள் ஊன்றி ஆராய வேண்டிய கேள்வி.

போனவர்கள் அனைவரும் கடமையுணர்வால்தான் போனார்களா? 1968-இல் அழைப்பு பெற்று வியட்நாம் சென்ற எழுத்தாளர் டிம் ஓ'பிரையன் இதற்கு அதிர்ச்சியூட்டும் விடை தருகிறார். 1990-இல் வெளியான அவரது நூலில் வரும் ஒரு கதையில், இளைஞன் ஒருவன் கனடா எல்லைவரை சென்று, ஊரார் தூற்றுவார்களே என்ற கூச்சத்தால் திரும்பிவிடுகிறான். போருக்குச் சென்றதையே தன் கோழைத்தனமாக அவன் கருதுகிறான். பழிக்கு அஞ்சிச் செய்யும் செயல் வெளித்தோற்றத்தில் கடமையை ஒத்திருக்கலாம். உள்ளே இருப்பது பயம்தான்.

முன்னாள் வீரர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. சக் ஹேகல், டாம் ஹேகல் என்ற சகோதரர்கள் 1968-இல் ஒரே படைப்பிரிவில் போரிட்டு, ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றினர். மூத்தவர் அந்தப் போர் நியாயமானது என்று எண்ணினார். இளையவர் தவறானது என்றார். பதக்கங்கள் பெற்றுத் திரும்பிய ஜான் கெர்ரி 1971 ஏப்ரலில் செனட் குழுவின் முன் நின்று போரை நிறுத்துமாறு வாதாடினார். கொரியப் போரில் காயமுற்ற சார்லஸ் ரேஞ்சல், 2003-இல் கட்டாயச் சேவையை மீண்டும் கொண்டுவரும் மசோதாவை முன்மொழிந்தார். ஆள்வோரின் பிள்ளைகளும் போக நேர்ந்தால் போரை எளிதில் தொடங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். 2004-இல் அது 402-க்கு 2 என்ற கணக்கில் தோற்றது. ரேஞ்சலே எதிர்த்து வாக்களித்தார்! மசோதா தோற்றாலும் அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. நம் நாட்டில் கட்டாயப் படைச்சேவை இல்லை. எனினும், பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம் என்று அனுமதிக்கும் அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, வர்க்கம் காரணமாக அதில் பாகுபாடு கூடாது என்றும் உடனே சேர்த்துச் சொல்கிறது.

மன்னிப்பு

போர் முடிந்தபின் மறுத்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. விந்தை என்னவென்றால், அதற்கு விடைகாண முற்பட்ட இரு அதிபர்களுமே கப்பற்படையில் பணியாற்றியவர்கள். ஜெரால்ட் ஃபோர்டு 1974 ஆகஸ்டில், பதவியேற்ற பத்தே நாட்களில், சிகாகோவில் முன்னாள் வீரர்களின் மாநாட்டிலேயே தம் கருணைத் திட்டத்தை அறிவித்தார். மாற்றுப் பொதுப்பணி செய்தால் மன்னிப்பு என்பது அத்திட்டம். ஜிம்மி கார்ட்டர் 1976-இல் மற்றொரு வீரர் அமைப்பின் முன் மன்னிப்பு வழங்கப் போவதாகச் சொன்னபோது கூச்சல் எழுந்தது. நீ செய்தது சரி என்று ஏற்பது வேறு, சரியோ தவறோ மன்னிக்கப்படுகிறாய் என்பது வேறு என்று அவர் அங்கே விளக்கினார். 1977 ஜனவரி 21-ஆம் தேதி, பதவியின் முதல் முழு நாளில், மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் படையில் சேர்ந்தபின் ஓடிப்போனவர்களுக்கு அந்த ஆணை பொருந்தவில்லை. சேருமுன் தப்பத் தெரியாத ஏழைகளே அவர்களுள் மிகுதி என்பதால், மன்னிப்பிலும் அதே பழைய ஏற்றத்தாழ்வு தொடர்ந்தது எனலாம்.

1993-இல் வாஷிங்டன் வியட்நாம் நினைவுச் சுவரின் முன் பில் கிளின்டன் பேச வந்தார். இறந்த 58,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள், பதவி வேறுபாடின்றி, மறைந்த நாளின் வரிசையில் பொறிக்கப்பட்ட சுவர் அது. இளமையில் படைச்சேவையைத் தவிர்த்தவர் கிளின்டன். வீரர்களில் சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டனர், சிலர் கைதட்டினர். அவரை அறிமுகம் செய்து வைத்தவர் காலின் பவல்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1995 ஜூலை 11-ஆம் தேதி, வியட்நாமுடன் தூதரக உறவை ஏற்படுத்துவதாகக் கிளின்டன் வெள்ளை மாளிகையில் அறிவித்தார். போருக்குப் போகாத அதிபர் அதைச் செய்வதற்கு எதிர்ப்பு எழும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அன்று எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவர் ஆதரவளித்து அங்கே நின்றார். ஹனோய்ச் சிறையில் எலும்பு முறிந்து கிடந்த அதே மெக்கெய்ன்தான் அவர். 2017-ஆம் ஆண்டுப் பேட்டியில் போருக்குப் போகாமல் விலக்குத் தேடியதைத் தவறு என்று சொன்னவரும் அவரேதான்.