ரோலில் மிஞ்சியவை

ஃபிலிம் ரோல் காலத்தில் எந்த வீட்டு விசேஷமும் சரியாக 36 படத்தில் முடிந்ததில்லை. காதுகுத்து 28லேயே முடிந்துவிடும். சீமந்தம் 30ஐத் தாண்டாது. காசு கொடுத்து வாங்கிய ரோலில் ஏழெட்டுப் படத்தை வீணாக்கிக் கழுவக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஸ்டூடியோக்காரரே திருப்பி அனுப்புவார். “இன்னும் அஞ்சு இருக்கே சார், எதையாவது அடிச்சு முடிச்சுட்டுக் கொண்டாங்க.” அந்த ‘எதையாவது’ சில வீடுகளில் மொட்டைமாடித் தொட்டிச் செடி, சில வீடுகளில் பக்கத்து வீட்டுக் குழந்தை. எங்கள் வீட்டில் அது ரயில்வே ஸ்டேஷன்.

வீடு குரோம்பேட்டையில். அப்பாவுக்கு வேலை பாரிமுனையில். விசேஷம் முடிந்த மறுநாள் கேமராவை ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு போவார். மிஞ்சிய படங்களை எலெக்ட்ரிக் ட்ரெயினுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எடுத்து முடித்துவிட்டு, திரும்பும் வழியில் ரோலை ஸ்டூடியோவில் கொடுத்துவிடுவார். கழுவி வந்ததும் விசேஷப் படங்களுக்கு மட்டும் பிரிண்ட். மற்றதைப் பற்றிக் கேட்டால், “அதுக்கெல்லாம் எதுக்குக் காசு?” என்பார். அதனால் அந்த ஸ்டேஷன் படங்களை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை. நெகட்டிவ் கவர்கள் இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பட்டையாக வெளிச்சத்தில் வைத்து, கணினியில் ஏற்றி, கறுப்பை வெள்ளையாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிண்டை ஆல்பத்தில் ஒட்டும்போது நாம் வரிசையைக் கலைத்துவிடுகிறோம். நல்லது முன்னால், சுமாரானது பின்னால், கண் மூடியது வெளியே. நெகட்டிவில் அது முடியாது. ஆறு ஆறாக வெட்டிய பட்டையில் நடந்தது நடந்த வரிசையிலேயே கிடக்கிறது. 1979இல் நடந்த அக்காவின் நிச்சயதார்த்தப் பட்டையில் 31ஆவது படம் அக்கா தலைகுனிந்து பூ வைத்துக்கொள்வது. 32ஆவது படம் பீச் ஸ்டேஷன், மாலை நேரம். இரண்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளிதான். எங்கள் வீட்டின் பெரிய நாளும் அப்பாவின் சாதாரண நாளும் அப்படித் தோளோடு தோள் உரசி நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்குமான அந்தத் தடத்துக்கு நீண்ட கதை உண்டு. 1931 மே மாதம் அதில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. தண்டவாளம் மீட்டர் கேஜ். ஒரு தண்டவாளத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். இன்றைய அகலப்பாதை 1,676. அந்தக் குறைவு பெட்டிக்குள் உடம்பிலேயே தெரியும். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் முட்டும். முட்டிய முழங்காலுக்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கிய பேச்சு, அவரவர் ஓய்வு பெறும்வரை நீண்டிருக்கிறது. பெரிய வண்டிகள் எழும்பூரிலிருந்து தெற்கே போகும். அவற்றைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு, சினிமா உண்டு. இந்த வண்டிகள் எங்கேயும் ‘போகவில்லை’. காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கொண்டுவந்து சேர்த்தன. ஊருக்குப் போவதைத்தான் நாம் பயணம் என்கிறோம். ஆபீஸ் போவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அதைப் படம் எடுப்பதும் அன்று அத்தனை சுலபமில்லை. ரயில்வே இடத்தில் அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பது விதி. கேமராவோடு ப்ளாட்பாரத்தில் நிற்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்பாவின் படங்களில் பாதி இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவை. அவருடைய முதல் கேமரா ஆக்ஃபா கிளிக், மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற வகை அல்ல. கண்ணருகே கொண்டுபோக வேண்டியது. அப்படியும் அவர் அதை இடுப்பிலேயே வைத்துக் குத்துமதிப்பாக அமுக்கியிருக்கிறார். 36 படமெல்லாம் பிறகு வந்த கேமராவில்தான், இதில் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். அதற்கு அவர் வாங்கியது ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல். நம் மலையில் உருவான ஃபிலிமில் நம் ஸ்டேஷன்கள் பதிந்திருப்பதில் எனக்குத் தனியான மகிழ்ச்சி உண்டு.

அந்த கேமராவின் ஷட்டர் மெதுவானது. ஓடுகிற எதையும் அதனால் பிடித்து நிறுத்த முடியாது. மாம்பலத்தில் எடுத்த ஒரு படத்தில் வண்டி வெறும் சாம்பல் கோடாக இழுபட்டிருக்கிறது. ஆனால் ப்ளாட்பாரத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் துல்லியம். மஞ்சள் பையில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் அளவுக்குத் துல்லியம். ஒரு பெரியவர் சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்தபடி நிற்கிறார். தூணில் சாய்ந்து ஒரு பையன் பாடப்புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். அவன் உதடு அசைவது தெரிகிறது, மனப்பாடம் செய்கிறான். அப்பா குறிபார்த்தது வண்டியை. கேமரா எடுத்து வைத்தது மனிதர்களை.

அப்பாவின் ஸ்டேஷன் படங்களில் ஒன்றில்தான் பல்லாவரத்தார் இருக்கிறார்.

அப்பாவின் வண்டி நண்பர்களுக்குப் பெயர் கிடையாது. எந்த ஸ்டேஷனில் ஏறுவார்களோ, இறங்குவார்களோ அதுதான் பெயர். பல்லாவரத்தார், சைதாப்பேட்டைக்காரர், கிண்டியில் இறங்கிவிடுகிற ஃபேக்டரித் தம்பி. வீட்டுக்கு வந்து அப்பா இவர்களைப் பற்றிச் சொல்வார். “பல்லாவரத்தார் பொண்ணுக்கு வரன் அமைஞ்சிடுச்சாம்.” “சைதாப்பேட்டைக்காரர் ரெண்டு நாளா வரலை, என்னன்னு தெரியலை.” அம்மா அக்கறையாகக் கேட்டுக்கொள்வாள். ஒருவரைத் தவிர, அந்த மனிதர்களை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஒருமுறை அப்பா டைபாய்டில் படுத்துவிட்டார். பல வாரம் ஆபீஸ் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஆரஞ்சுப் பையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். “குரோம்பேட்டையில ஏறுவாரே, கண்ணாடி போட்ட சார், அவர் வீடு இதானாம்மா?” ஸ்டேஷன் வாசல் பெட்டிக்கடையில் தொடங்கி, சலவைக்கடை, ரேஷன் கடை என்று விசாரித்துக்கொண்டே தெருத்தெருவாக வந்திருக்கிறார். அவர்தான் பல்லாவரத்தார். அப்பாவின் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் பெயரும் அப்பாவுக்குத் தெரியாது. உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்து, அத்தனை நாள் வண்டியில் நடந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அப்பாவின் முகத்தில் தெளிவு வந்தது அன்றைக்குத்தான் என்று அம்மா பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள். போகும்போதும் இருவரும் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குத் தேவை இருந்ததாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த மனிதரின் முகம், 1979 மாலையில் பீச் ஸ்டேஷனில், 34ஆவது படத்தின் இடது ஓரத்தில் இருக்கிறது. காலி வண்டி வந்து நிற்கிறது. ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்க நாலு பேர் ஓடுகிறார்கள். அவர் ஓடவில்லை. டிபன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பாதி முகம்தான் ஃப்ரேமுக்குள் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்ற அதே முகம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் ஆல்பங்களில் நூற்றுக்கணக்கான முகங்கள் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார், சம்பந்தி வழி உறவினர், ஒரே ஒரு கல்யாணத்துக்கு வந்துபோன பெரியவர்கள். அவர்கள் வந்ததில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அப்பாவின் வாழ்நாளில் அவர் அதிக நேரம் பேசியது யாரோடு என்று கணக்குப் போட்டால், ஆல்பத்தில் இருக்கும் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒருவர் தன் வாழ்வைச் செலவிட்ட மனிதர்களும் அவர் வாழ்வின் சாட்சியாக வீட்டில் பத்திரப்படுத்திய முகங்களும் இத்தனை வேறாக இருக்கலாமா? இந்தக் கேள்வியை நெகட்டிவ் பட்டைகள் என்னிடமும் கேட்கின்றன. நான் எதை விசேஷம் என்று எண்ணிப் படம் எடுத்தேன், எதை மிச்சம் என்று விட்டேன்? மிச்சம் என்று விட்டதில்தான் நான் இருந்திருக்கிறேனா?

இதற்கு எதிர்ப்பக்கமும் என்னிடம் இருக்கிறது. 2004 ஜூலையில் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் நின்றது. அதற்கு முன் சில வருடங்கள் மீட்டர் கேஜ் வண்டியும் அகலப்பாதை வண்டியும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் ஓடின. நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் கேமராவோடு போனேன். கலர் ரோல், நல்ல லென்ஸ், இந்த முறை ரோல் முழுக்க ஸ்டேஷன்தான். அந்தப் படங்கள் எல்லாம் அழகாக வந்தன. வண்டியின் முகம், மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர், மேலே மின்கம்பி வளைந்து போகும் கோடு. இன்று எடுத்துப் பார்த்தால் அவற்றில் ஒரு மனிதர்கூட இல்லை. யாராவது குறுக்கே வந்தால் அவர் நகரும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறேன். விடைபெறும் கண் அப்படித்தான் பார்க்கிறது. அதற்கு நினைவுச்சின்னம் வேண்டும். சின்னத்தின் குறுக்கே காய்கறிப் பையோடு யாரும் நடக்கக் கூடாது. பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் பெரம்பூர் பக்கம் ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம், குழந்தைகளுக்கும் காட்டலாம். என்னுடைய 2004 ரோலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இரும்பு அதில் பத்திரமாக இருக்கிறது. அப்பா இடுப்பிலிருந்து எடுத்த கோணல் படங்களில் இருப்பது அதில் இல்லை.

இப்போதுதான் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறதே, எல்லாவற்றையும் எடுக்கிறார்களே என்று கேட்கலாம். எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஃபோனில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. முடித்தே ஆகவேண்டிய ரோல் இல்லை. ‘எதையாவது’ எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆட்டம் கண்டது, ஓரம் வெட்டுப்பட்டது, யாரோ குறுக்கே வந்தது எல்லாம் அன்று இரவே அழிந்துவிடுகிறது. பல்லாவரத்தாரின் பாதி முகம் இன்றைய ஃபோனில் ஒரு நாள்கூடத் தங்கியிருக்காது. சிக்கனம் காரணமாக நமக்குக் கிடைத்த ஒரு செல்வம் அது. தாராளம் வந்ததும் போய்விட்டது.

அதற்காக அந்தக் காலம் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று சொல்ல வரவில்லை. இந்தப் படங்களை என் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர், அதே தடத்தில் அப்பாவை விட அதிக வருடம் போய்வந்தவர். ஒவ்வொன்றாகப் பார்த்தார், பூதக்கண்ணாடி வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் கேட்டார்:

“எல்லாம் சரிடா, எங்க பெட்டி எங்க?”

லேடீஸ் பெட்டி ஒரு படத்திலும் இல்லை. ஒரு ஆண் இடுப்பில் கேமராவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்க முடியாது, திரும்பியிருக்கவும் கூடாது. கேமரா வைத்திருந்த பெண்கள் அன்று மிகக் குறைவு. மாலை வண்டியில் மாம்பலத்தில் வாங்கிய அவரைக்காயை மடியில் போட்டு நறுக்கியபடி வந்தவர்கள், பூக்காரம்மாவிடம் உதிரி மல்லி வாங்கி வீடு வருவதற்குள் கட்டி முடித்தவர்கள், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தவர்கள், சீட்டு சேர்த்து ஒருத்திக்குக் கம்மலும் இன்னொருத்தி மகனுக்குக் கல்லூரிப் பணமும் கொடுத்தவர்கள். இதெல்லாம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மிஞ்சிய படங்களில்கூட அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் நோட்டும் பேனாவும் எடுத்தேன். சங்கடமாக இருக்குமோ என்று தயங்கித்தான் கேட்டேன், யார் யார் வருவார்கள் என்று. அத்தை தயங்கவே இல்லை. தாம்பரத்தில் ஏறுகிற நர்ஸிலிருந்து தொடங்கினார். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷன் வரிசையிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். யார் எங்கே உட்காருவார், யார் நின்றே வருவார், யாருக்கு எதற்காக இடம் விடுவார்கள், எல்லாம் வந்தது. அப்பாவின் நண்பர்களைப் போல இல்லாமல் இவர்களுக்குப் பெயர் இருந்தது. புகுந்த வீடு, பிறந்த வீடு, குழந்தைகளின் வயது எல்லாமே இருந்தது. மீனம்பாக்கம் தாண்டி, மவுண்ட் வந்து, கிண்டியில் பாதிப் பெட்டி காலியாகி, சைதாப்பேட்டையில் மறுபடி நிரம்பியது.

மாம்பலம் வந்தபோது சாப்பாட்டு நேரமாகிவிட்டது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாமே என்றேன். அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. “மாம்பலத்துல ஏறுறவங்கதான்டா ஜாஸ்தி. அவங்களை வெளிய நிக்க வெச்சுட்டு நான் எப்படிச் சாப்பிடறது? எழுது.”