கொள்ளும் கடிவாளமும்

ஓர் உயிரைக் கொல்லாதிருப்பதால் மட்டும் அகிம்சை அணுவிரதம் நிறைவுறுவதில்லை என்பதை நம் ஆன்றோர் தெளிவாக வரையறுத்துள்ளனர். கொலை நிகழாத இடத்திலும் அவ்விரதம் மாசுறக்கூடும். அங்ஙனம் மாசுறும் வழிகளைத் தத்துவார்த்த சூத்திரமும் சிராவகாசார நூல்களும் ஐந்தாக எண்ணிக் கூறும். கட்டி அடைத்தல், அடித்து வருத்துதல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் உரிய காலத்தில் கொடாது தடுத்தல் என்பன அவை. சற்றே எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இவ்வைந்தையும் செய்யக்கூடியவன் விலங்கைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவனே. அதற்குத் தவிடும் வைக்கோலும் இடுபவன், அதன் மேல் அன்புடையவன், அதனால் பயன்பெறுபவன் எவனோ அவனை நோக்கியே இவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.

இவ்வைந்தையும் குதிரையொன்றின் மேல் வைத்து எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அண்மையில் கிட்டியது. தஞ்சைப் பகுதியில் சிறுவர்க்குக் குதிரையேற்றம் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவர், இருபதாண்டுகள் குதிரைகளோடு பழகியும் பந்தயத் திடலின் உட்புறத்தைக் கண்டிராதவர், முதன்முறையாகத் தென்னாட்டுப் பந்தய லாயம் ஒன்றில் இரண்டு நாள் தங்கி வந்தார். எந்த ஊர் என்பது இங்கு வேண்டுவதில்லை. பந்தயத்துக்கு இனி உதவாது என்று விலக்கப்பட்ட குதிரை ஒன்றைப் பெற்றுவரவே அவர் சென்றிருந்தார். நம் நாட்டில் குதிரையேற்றப் பள்ளிகளுக்கு வரும் குதிரைகளுள் பல இவ்வாறு வருவனவே.

அவர் முதலில் வியந்தது அங்குள்ள பராமரிப்பைக் கண்டு. விடியுமுன் நான்கு மணிக்கே லாயம் விழித்துக்கொள்கிறது. வெயில் ஏறுமுன் குதிரைகளை ஓடவிட்டு, மெல்ல நடத்தி மூச்சைத் தணித்து, குளிப்பாட்டி, குளம்பின் அடியில் ஒட்டிய மண்ணைக் கிளறி எடுத்து, நான்கு கால்களையும் கையால் தடவி எங்கேனும் சூடு தெரிகிறதா என்று பார்க்கின்றனர். ஓட்ஸும் கொள்ளும் தவிடும் அளந்து வைக்கப்படுகின்றன. மருத்துவர் அருகிலேயே இருக்கிறார். குதிரைக்காரர் பலர் லாயத்தின் வாசலிலேயே உறங்குகின்றனர். தாம் வளர்க்கும் குதிரையின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதை நண்பர் கண்டார். கும்பகோணம் புகைவண்டி நிலையத்து வாசலில் விலா எலும்பு தெரிய நின்ற ஜட்காக் குதிரைகளைச் சிறு வயதில் கண்டவர் அவர். அக்குதிரைகளோடு ஒப்பிட்டால் இவை அரச குமாரர்கள்.

நம் சோழநாட்டுக்குக் குதிரை என்றும் வெளியிலிருந்து வந்த உயிரே. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையோரம் வந்த மார்க்கோ போலோ, மாபார் நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். வளர்க்கும் முறை அறியாததே காரணம் என்பது அவர் கருத்து. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் நெல்லும் சேறும் நிறைந்த நாட்டில் அவ்வுயிர் பட்ட பாட்டை ஊகிக்க அது போதும். தாராசுரத்துக் கோயிலில் தேர் வடிவ மண்டபத்தை இழுத்து நிற்கும் கற்குதிரையைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த வரலாறே நினைவுக்கு வருகிறது. அன்று அறியாமையால் மடிந்தன. இன்று பந்தய லாயத்தில் அறிவுக்குக் குறைவில்லை. ஆகவே அங்கு நிகழ்வதை அறியாமையின்மேல் ஏற்றிவிட இயலாது.

முதல்நாள் மாலை நண்பர் மீண்டும் லாயத்தின் வழியே நடந்தார். காலையில் ஓரிரு மணி நேரம் வெளியே வந்த குதிரைகள் மற்றப் பொழுதெல்லாம் தத்தம் அறைக்குள்ளேயே நின்றன. ஓர் அறையில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று அரைக்கதவின் மேல் தலையை நீட்டி, இடப்புறமும் வலப்புறமுமாக ஓயாது ஆட்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் ஊசல் போன்ற அசைவு. மற்றொன்று கதவின் விளிம்பைப் பல்லால் பற்றி, கழுத்தை வளைத்து, காற்றை உறிஞ்சி ஒலி எழுப்பியது. பார்வையாளர் இதனை விளையாட்டு என்று எண்ணுவர். குதிரையறிந்தவர்க்கு இதன் பொருள் தெரியும். கூட்டமாக வாழவும், நாளில் பதினாறு மணி நேரம் நடந்துகொண்டே புல் மேயவும் அமைந்த உடல் அது. அதன் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இடைவிடாது சுரந்துகொண்டே இருக்கும். புல்லைக் குறைத்துத் தானியத்தை மிகுத்துத் தனியறையில் நிறுத்தினால் இரைப்பை புண்ணாகிறது. பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதைப் பல நாடுகளில் மருத்துவர்கள் உட்கருவி கொண்டு கண்டறிந்துள்ளனர். கயிறு இல்லை, முளை இல்லை, அறை காற்றோட்டமானது, கீழே மெத்தென்று வைக்கோல் பரப்பியிருக்கிறது. எனினும் ‘கட்டுதல்’ என்று நூல்கள் கூறியது இதனைத்தான் என்று நான் துணிந்து சொல்வேன்.

சவுக்கைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இந்நாளில் அதற்கு மெத்தை உறை இடுகின்றனர். எத்தனை முறை ஓங்கலாம் என்று விதியும் உண்டு. பண்டை அசுவ நூல்களும் எக்குற்றத்துக்கு எவ்விடத்தில் அடிக்கலாம் என்று வரையறை செய்தனவே. நம் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் நகுலனின் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தை 1952இல் அச்சிட்டு வெளியிட்டது. குதிரையின் நிறம், சுழி, குணம், நோய் யாவற்றையும் உற்றுநோக்கிய மரபு அது. அடியின் அளவைக் குறிப்பது அடிப்பதை ஒப்புக்கொண்ட பின்னர்தான். குதிரையின் தோல் தடித்தது, அதற்கு வலிக்காது என்ற சமாதானமும் இனிச் செல்லாது. மேல்தோலில் வலியுணரும் அமைப்பில் குதிரைக்கும் மனிதனுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். நார்வே நாடு 1982லேயே பந்தயத்தில் சவுக்கடியை விலக்கியது; அங்குப் பந்தயம் நின்றுவிடவில்லை.

நண்பர் கூறியவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஈயத்தைப் பற்றிய செய்தி. பந்தயத்தில் எல்லாக் குதிரைகளும் ஒரே பாரம் சுமப்பதில்லை. முன்னர் நன்றாக ஓடிய குதிரைக்கு மிகுந்த பாரமும், பின்தங்கியதற்குக் குறைந்த பாரமும் அதிகாரிகள் விதிக்கின்றனர். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து விதித்த எடைக்குக் குறைந்தால், ஈயத் தகடுகளைச் சேணத் துணியின் பைகளில் செருகி நிரப்புகின்றனர். மொத்தத்தில் ஏறக்குறைய 50 முதல் 60 கிலோ. வெற்றி யாருக்கென்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால் பந்தயம் கட்டுவோர் குறைந்துவிடுவர் அன்றோ? நெல் மூட்டையைக் களத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல மாட்டின்மேல் பாரம் ஏற்றும் உழவனிடம் மூட்டையாவது இருக்கிறது. இங்கு ஏற்றப்படும் ஈயம் எங்கும் போய்ச் சேர வேண்டிய பொருள் அன்று. நன்றாக ஓடியதற்காக ஓர் உயிரின்மேல் வைக்கப்படும் சுமை அது. அப்படிச் சுமக்கும் குதிரையின் வயதையும் கருத வேண்டும். இந்தியப் பந்தயக் கணக்கில் எல்லாக் குதிரைக்கும் சனவரி முதல் நாளே பிறந்தநாள். இரண்டு வயதென்று கணக்கிட்டு ஓடவிடுகின்றனர். முதுகெலும்பு முற்றி முழு வளர்ச்சி பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.

காயடித்தலும் பந்தயத்துக்குமுன் தீனியை நிறுத்துதலும் எஞ்சிய இரண்டு. ஓர் அளவில் அவற்றுக்கு மருத்துவக் காரணம் கூறலாம். நான் அவற்றைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் உணவு மறுத்தல் அங்குக் குதிரையோடு நிற்பதில்லை என்பதையும் நண்பர் கண்டார். எடை பார்க்கும் தராசின் அருகே நின்ற இளம் ஜாக்கிகள் முந்தின நாள் முதல் சரிவர உண்ணாதவர்கள்.

குதிரை ஓடுவதை விரும்புகிறதே என்று கேட்பவர் உண்டு. மெய்தான். புல்வெளியில் விடப்பட்ட குட்டி காரணமின்றியே துள்ளி ஓடும். ஆனால் அது களைத்ததும் நிற்கும். பந்தயத்தில் நிற்கும் உரிமை அதனிடம் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் முழு வலியோடு ஓடி முடித்த குதிரைகளின் மூச்சுக்குழாயைக் கருவி விட்டு நோக்கினால், பெரும்பாலானவற்றில் நுரையீரலிலிருந்து கசிந்த குருதி காணப்படுகிறது. விருப்பம் அவ்வளவு தூரம் செல்லுமா என்று அறிந்தோர் கூறுக.

நம் மாநிலத்தில் இதுபற்றிய வழக்கு நீண்டது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 1996 சனவரியில் உச்சநீதிமன்றம், அது பெரிதும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை அரசு ரத்துசெய்து நிலத்தைக் கைக்கொண்டது, வழக்குகள் தொடர்ந்தன. திறமையா அதிர்ஷ்டமா, நிலம் யாருடையது, வாடகை எவ்வளவு என்பன வழக்காயின. அரைக்கதவின்மேல் தலையாட்டி நின்ற உயிரின் பக்கமிருந்து எழும் கேள்வி இவற்றுள் இல்லை. நாமும் ஏழு வியசனங்களுள் முதலாகச் சூதைக் கடியும்போது, குடும்பம் அழிவதையே கூறுகிறோம். எதன்மேல் பணம் கட்டப்பட்டதோ அதனைப் பற்றிப் பேசுவது அரிது.

பாவத்தின் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் நம் நூல்கள் நுணுக்கமானவை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வாயில்கள். விடியலில் எழுந்து சாணம் அள்ளும் குதிரைக்காரனுக்கு அது பிழைப்பு. உத்யோகி இம்சை என்று அவனளவில் ஒதுக்கிவிடலாம். மேடையில் அமர்ந்து ஒன்றரை நிமிட ஆரவாரத்துக்காக உடன்படுபவனுக்கு அந்த ஒதுக்கிடம் கிடையாது. பயனின்றி விளையும் இம்சையை அனர்த்ததண்டம் என்பர். இதனை விளக்க வேறோர் எடுத்துக்காட்டும் தஞ்சை வயல்களிலேயே உண்டு. நடவிலும் அறுவடையிலும் நாகமோ கட்டுவிரியனோ கண்ணாடி விரியனோ தீண்டியவருக்கு மருத்துவமனையில் செலுத்தும் மருந்து, நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றிய குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்படுவது. அதுவும் இம்சைதான், அங்கும் குதிரையின் சம்மதம் இல்லை. அதற்கு மாற்று வேண்டும் என்பதே என் விருப்பம். எனினும் அங்கே ஓர் உழவனின் உயிர் தராசின் மறுதட்டில் இருக்கிறது. பந்தயத் திடலின் மறுதட்டில் என்ன இருக்கிறது?

நண்பரிடம் அவர் தொழிலைப் பற்றியும் கேட்டேன். பிள்ளைகள் ஏறுவதும் பாரம் அல்லவா என்றேன். அவர் மறுக்கவில்லை. ஏறுவோரின் எடைக்கும் நேரத்துக்கும் தாம் வரம்பு வைத்திருப்பதாகவும், குதிரை நடக்க மறுத்தால் அன்றைய பாடம் அத்துடன் முடிவதாகவும் கூறினார். ஏறும் பிள்ளை இல்லையேல் கொள்ளு வாங்கப் பணம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதிசாரங்கள் அளவைப் பற்றியே பேசுகின்றன என்பதால் அவர் விடை எனக்குப் பெரும்பாலும் ஏற்புடையதாயிற்று, முழுவதும் அன்று.

பிறகு அவர் ஒரு கணக்குச் சொன்னார். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 9 கிலோ உலர்ந்த புல் வேண்டும். ஐந்து வயதில் பந்தயத்திலிருந்து விலக்கப்படும் குதிரை இருபத்தைந்து வயதுவரை வாழக்கூடும். எஞ்சிய 20 ஆண்டுக்கு ஏறத்தாழ 65 டன் புல். மாட்டுக்குப் போதுமான நெல் வைக்கோல் குதிரைக்குப் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சை வட்டாரத்து வயலெல்லாம் நீர் நிற்கும். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். புல்லை வெளியூரிலிருந்தே தருவிக்க வேண்டும். அக்குதிரை வாழ்நாளில் வென்ற பரிசுப் பணத்தில் ஒரு காசும் இதற்கென ஒதுக்கப்பட்டு அதனுடன் வருவதில்லை. அந்தச் சாம்பல் நிறக் குதிரையையே அவர் அழைத்து வந்திருந்தார். தோப்பில் கிழப்பெட்டை ஒன்றன் துணையோடு விட்டும், மாலையில் அது இன்னும் தலையை ஆட்டுகிறதாம். அன்று அந்த லாயத்தில் வெளியேற வேண்டியவை என்று குறிக்கப்பட்டிருந்த குதிரைகள் நான்கு. மற்ற மூன்றும் எங்குச் செல்லும் என்று அவர் கேட்டபோது, அவற்றின் குதிரைக்காரருக்கே அது தெரிந்திருக்கவில்லை.